போடிமெட்டு ஏறி இறங்குறவங்க மீட்டர்ல எரியற லைட்டைத் தெரிஞ்சு வச்சுக்கங்க

போடியிலேர்ந்து பூப்பாறை, சூரியநெல்லிப் பக்கம் தோட்டத்துக்கோ சொந்தக்காரங்க வீட்டுக்கோ சொந்தக் கார்ல போய்ட்டு வர்றவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். 17 கொண்டை ஊசி வளைவு இருக்குற ரோடு, மீட்டர்ல திடீர்னு ஒரு லைட் எரிஞ்சா அங்க உக்காந்து புக் பாத்துட்டு இருக்க முடியாது.

மொதல்ல கலரைப் பாருங்க. சிவப்புன்னா பத்திரமான இடமா பாத்து ஓரங்கட்டணும், மஞ்சள்னா மெதுவா ஓட்டிட்டுப் போயி சீக்கிரம் மெக்கானிக்கிட்ட காட்டணும், பச்சையும் நீலமும் ஏதோ ஒண்ணு ஆன்ல இருக்குனு சொல்றது, நீலம்னா பெரும்பாலும் ஹை பீம். ஆனா மஞ்சள் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுச்சுன்னா அப்பவும் நிறுத்திருங்க.

தினமும் சாவியை ஆன்ல மட்டும் திருப்பி ஒரு நிமிஷம் பாருங்க, லைட்டெல்லாம் ஒரு தடவை எரியும், ஏபிஎஸ்சும் (அழுத்திப் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற அமைப்பு) ஏர்பேக்கும் சில செகண்ட்ல அணையணும், இன்ஜின் ஆயிலும் பேட்டரியும் இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் அணையணும். பழைய கார் வாங்குறப்ப ஏர்பேக் லைட் எரியவே இல்லன்னா அந்த வண்டிய நம்பாதீங்க, ரிப்பேரை மறைக்க லைட்டையே கழட்டி விட்டிருக்கலாம்.

போன ஐப்பசி மழையில வீட்டுக்காரி, பிள்ளைகளோட இறங்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு வளைவுலயும் வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு லைட் மின்னுது, நேர் ரோட்டுக்கு வந்தா அணைஞ்சிருது. ஹேண்ட்பிரேக் முழுசா இறங்கலையோனு ரெண்டு தடவை அமுக்கிப் பாத்தேன், அது சரியாத்தான் இருந்துச்சு. அகலமான இடத்துல நிறுத்தி பானட்டைத் தூக்கினா பிரேக் ஆயில் டப்பாவுல மினிமம் கோட்டுக்கும் கீழ கிடக்கு, வளைவுல ஆயில் ஒரு பக்கமா சாயுறப்ப சென்சார் காட்டிக் குடுத்திருக்கு. பிரேக் பேட் தேஞ்சாலும் ஆயில் இறங்கும், எங்கயாச்சும் கசிஞ்சாலும் இறங்கும், அதனால ஊத்தி நிரப்பிட்டு மட்டும் கிளம்பிறாதீங்க. நான் மெக்கானிக் வர்ற வரைக்கும் வண்டிய நகட்டல, பின் டயருக்குக் கல்லு வச்சுட்டு உக்காந்திருந்தோம்.

இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடாகி கருகுன வாடை வரும், அப்புறம் பிரேக் பிடிக்காது. ஏறுறப்ப எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல, ரெண்டாவதோ மொதலோ, இறங்குங்க, ஆட்டோமேட்டிக்னா எல் இல்லன்னா 2. நியூட்ரல்ல மட்டும் விடவே கூடாது. ஈர ரோட்டுல அழுத்திப் பிடிக்குறப்ப பெடல் காலுக்கடியில அதிர்ந்தா பயந்து காலை எடுத்துராதீங்க, ஏபிஎஸ் வேலை செய்யுது, அமுக்கியே வைங்க.

ஏத்தத்துல டெம்பரேச்சர் சிவப்பு வந்தா நிறுத்துங்க, சூடு ஆறாம ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க. எண்ணெய்க் கிண்ணி மாதிரி சிவப்பு லைட் வந்தா இன்ஜின் ஆயில் பிரஷர் இல்லனு அர்த்தம், பத்திரமா ஓரங்கட்டி உடனே இன்ஜினை ஆஃப் பண்ணிருங்க, ஒரு கிலோமீட்டர் ஓட்டினாக்கூட இன்ஜின் போயிரலாம்.

மேட்டுல பனிமூட்டம் வந்தா ஹை பீம் போடாதீங்க, வெளிச்சம் நம்ம கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீம், ஃபாக் லைட் போதும், முன்கண்ணாடி உள்பக்கம் பனி படிஞ்சு மூடிக்கிட்டா ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்க.

2019 ஜூலையிலேர்ந்து புதுக் கார்கள்ல டிரைவர் ஏர்பேக், முன்சீட் பெல்ட் அலாரம், 80 தாண்டினா பீப் எல்லாம் கட்டாயம். அந்த பெல்ட் சத்தத்தை நிறுத்த கடையில விக்கிற கிளிப்பைச் சொருகாதீங்க, பெல்ட் போட்ட ஆளை நெனச்சுத்தான் ஏர்பேக்கையே வடிவமைச்சிருக்காங்க. பின்சீட்ல உக்கார்ற அம்மா அப்பாவுக்கும் கிளம்புறதுக்கு முன்னாடி நீங்களே மாட்டி விடுங்க.