அளவெடுக்கக் கடைசல்காரரும் போகட்டும்

மதுரையின் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் சிறு பொறியியல் பட்டறை நடத்துவோர், ஆலையிலிருந்து பழுது என்று அழைப்பு வந்தால், ஆர்டர் பிடிப்பவரை மட்டும் அனுப்பாமல், லேத்தில் நின்று உலோகம் கடையும் கடைசல்காரரையும் உடன் அனுப்புவது நல்லது. தேய்ந்த தண்டைத் தன் கையால் மைக்ரோமீட்டரில் அளந்தவருக்கு, பேரிங் உட்காரும் இடத்தை எப்படிக் கடைய வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால், இயந்திரம் ஓடி நின்ற சூட்டோடு அளக்கக் கூடாது, 100 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டு, வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினாலே ஏறத்தாழ 0.012 மி.மீ. பருத்துவிடும். எடுத்த அளவைத் தேதியுடன் வேலை அட்டையில் எழுதி, நகலை வாடிக்கையாளரிடமே கொடுத்துவிட்டால், பின்னால் வரும் வாக்குவாதம் பாதி குறையும். பொருத்திய பதினைந்தாம் நாள், புகார் வராவிட்டாலும், அதே கடைசல்காரர் தொலைபேசியில், “அதிர்வு ஏதும் இருக்கிறதா, அண்ணாச்சி?” என்று கேட்கட்டும், எங்கள் பட்டறைக்கு அடுத்த வேலை பல முறை அந்த அழைப்பிலேயே கிடைத்திருக்கிறது.