தடுப்பூசி போட்ட கோழிப்பண்ணையில் பறவைக் காய்ச்சல் கண்காணிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஊசி போட்டாச்சு, இனி பயமில்லை." சென்னைக்குக் கறிக்கோழியும் முட்டையும் அனுப்பும் பண்ணைக்காரர்கள் இப்படி நினைத்துவிடக் கூடாது. 2024 பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் வந்த நெல்லூர் மாவட்டம் நமக்குச் சில மணி நேரப் பயணம்தான். முதலில் கேட்க வேண்டியது: போட்டது எந்த ஊசி?

பறவைக் காய்ச்சல் வைரஸின் மேலுள்ள எச், என் என்ற இரண்டு புரதங்களை வைத்துத்தான் அதன் வகைகளுக்குப் பெயர். நம் பண்ணைகளில் போடப்படுவது எச்9என்2 வகைக்கான ஊசி. கூட்டம் கூட்டமாகக் கோழிகளைச் சாகடிக்கும் எச்5என்1 வைரஸை அது தடுக்காது. அந்த வைரஸ் வந்தால் பாதித்த இடத்தைச் சுற்றி 1 கி.மீ.க்குள் உள்ள கோழிகளை அழிப்பதுதான் இதுவரை நம் நாட்டின் நடைமுறை. எச்9 ஊசியை நம்பி, செத்த கோழிகளை "வெள்ளைக்கழிச்சலா (ராணிக்கெட் நோய்) இருக்கும்" என்று குழிதோண்டிப் புதைப்பதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரியவில்லை. சோதிக்க வேண்டிய கோழிகளே அவைதான். பிரான்சில் 2023 அக்டோபரில் வாத்துகளுக்கு ஊசி போடத் தொடங்கியபோது, பண்ணையில் இறந்தவற்றிலிருந்து மாதிரி எடுப்பதையும் சேர்த்தே கட்டாயமாக்கினார்கள்.

சாவுக் கணக்கை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதும் தவறு. ஊசி தனக்குரிய வகை நோயின் கடுமையைக் குறைக்கும், வைரஸ் வெளியேறுவதையும் குறைக்கும். தொற்றை முழுதாக நிறுத்தாது. நன்றாகத் தெரியும் கோழியே வைரஸைப் பரப்பிக்கொண்டிருக்கலாம். அதனால் முட்டை குறைவது, ஓடு வெளிறுவது, தீவனமும் தண்ணீரும் மீந்துபோவது எல்லாவற்றையும் ஷெட் வாரியாகத் தினமும் எழுதி வையுங்கள்.

அதிகம் குழம்புவது ரத்தப் பரிசோதனையில். "டைட்டர் (ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளின் அளவு) நல்லா இருக்கு" என்ற ரிப்போர்ட், ஊசி வேலை செய்திருக்கிறது என்று காட்டலாம். வைரஸ் இல்லை என்று சொல்லவே சொல்லாது. முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த ஊசியைப் போட்டால், ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள் ஊசியால் வந்ததா தொற்றால் வந்ததா என்று சாதாரண எலிசா ரத்தப் பரிசோதனை பிரித்துக் காட்டாது. 2000-இல் இத்தாலி இதற்கு ஒரு வழி கண்டது. பரவிய வைரஸ் எச்7என்1. போட்ட ஊசி எச்7என்3. எச்7 பொது என்பதால் பாதுகாப்பு கிடைத்தது. ஊசியில் என்1 இல்லை என்பதால், என்1-க்கான எதிர்ப்புப் பொருள் தென்பட்டால் அது தொற்றால் வந்தது என்று தெரிந்தது. அப்படிப்பட்ட ஊசி கையில் இல்லாதபோது வைரஸின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனை மூலம் வைரஸையே தேட வேண்டும். கூடவே ஊசி போடாத சில காவல் கோழிகளையும் வைக்க வேண்டும்; அவற்றில் எதிர்ப்புப் பொருளோ நோயோ தென்பட்டால் வைரஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். அவற்றுக்குக் காலில் வளையம் மாட்டி, ஷெட்டின் எல்லாப் பக்கமும் பரவலாக விடுங்கள். வளையம் இல்லாவிட்டால் அடுத்த முறை ஊசி போட வருபவர் அவற்றுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார்.

பத்துக் கோழியில் மாதிரி எடுத்து முடித்துவிடுவதும் வழக்கம். நாலில் ஒரு கோழிக்கு மேல் தொற்றியிருந்தால்தான் அந்தப் பத்தில் ஒன்றாவது சிக்கும் என்று 95 சதவீத உறுதியுடன் சொல்லலாம். தொற்று 5 சதவீதமாக இருக்கும்போதே பிடிக்க 60 கோழிகள் வேண்டும்.

மாதிரி எடுக்க மரக்குச்சிப் பஞ்சு வேண்டாம், பி.சி.ஆர். முடிவைக் கெடுக்கும். செயற்கை இழை ஸ்வாப்பால் (மாதிரி எடுக்கும் குச்சி) தொண்டையிலும் கழிவுத் துவாரத்திலும் எடுத்து, வைரஸ் கெடாமல் காக்கும் திரவத்தில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே அனுப்புங்கள். மே மாத வெயிலில் வண்டி டிக்கியில் கிடந்த மாதிரியில் 'நெகட்டிவ்' என்று வந்தால் அதை நம்ப முடியாது.

திடீரென்று பல கோழிகள் செத்தால், ஒன்றைப் பையில் போட்டு பைக்கில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கோ கிளம்பாதீர்கள். போகிற வழியெல்லாம் வைரஸ் போகும். பகுதிக் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்து பண்ணைக்கே வரச் சொல்லுங்கள். தகவல் சொல்வது 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி உரிமையாளரின் கடமை. உறுதி செய்ய மாதிரி போபாலில் உள்ள தேசிய கால்நடை நோய் ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வரும்வரை லோடு வண்டியை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள்.