பழைய எச்61 போர்டுக்குப் பிராசஸர் வாங்கும் முன்

என் மேசைக்குச் சரிசெய்ய வரும் பழைய கம்ப்யூட்டர்களில் எச்61 என்ற இன்டெல் சிப்செட் (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) உள்ள மதர்போர்டுகள்தான் அதிகம். 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, ஐ5-3470 பிராசஸர் போட்டுவிட்டால் பிள்ளைகள் படிப்பதற்கும் கடைக்கணக்குக்கும் தாராளம். தூக்கிப் போட மனசே வராது. ஆனால் இந்தப் பிராசஸர் இப்போது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். விற்றபின் திருப்பி எடுப்பது கடைக்காரரின் இஷ்டம். அது உங்கள் போர்டில் ஓடுமா என்று காசு கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் பேஸ்போர்டு புராடக்ட் என்ற வரியில் போர்டின் மாடல் இருக்கும். பயாஸ் (கம்ப்யூட்டரைக் கிளப்பும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) வெர்ஷனும் அங்கேயே உண்டு. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். கிகாபைட் போர்டு என்றால் கேபினட்டையும் திறந்து பாருங்கள்: போர்டின் மூலையில் ரெவ் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரே மாடலாக இருந்தாலும் ரெவ் மாறினால் பயாஸ் ஃபைலும் மாறலாம்.

அடுத்து, போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான சிபியு சப்போர்ட் பட்டியல், அதாவது அதில் ஓடும் பிராசஸர்களின் பட்டியல். இதைத்தான் நம்ப வேண்டும். சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) ஒன்றுதானே என்று வாங்கிவிடக் கூடாது. இன்டெல் பிராசஸர் தலைமுறைகளில் 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ், 2012இல் வந்த ஐவி பிரிட்ஜ் (ஐ5-3470 இந்த வகை) இரண்டுக்குமே எல்ஜிஏ 1155 சாக்கெட்தான். ஆனால் அதே சாக்கெட் உள்ள க்யூ65, க்யூ67, பி65 சிப்செட்டுகளுக்கு இன்டெல் ஐவி பிரிட்ஜ் ஆதரவு தரவில்லை. எல்ஜிஏ 1151 சாக்கெட்டிலும் இதே கதை: எச்110 போர்டில் ஐ5-8400 அழகாக உட்காரும், ஓடாது.

எச்61இல் ஐவி பிரிட்ஜ் ஓடும், பயாஸ் புதிதாக இருந்தால். எந்த வெர்ஷனிலிருந்து என்பது பட்டியலில் பிராசஸர் பெயருக்கு நேரே இருக்கும். உங்களுடையது அதைவிடப் பழையதா? பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே அப்டேட் செய்துவிடுங்கள். மாற்றிய பிறகு ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. பலரும் பிராசஸர் போய்விட்டது என்று நினைப்பது இங்கேதான். அப்டேட் ஓடும்போது கரன்ட் போனால் போர்டே செத்துப்போகலாம், அதனால் யுபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

பிராசஸர் எவ்வளவு சூடாகும் என்பதைக் காட்டும் வாட்டும் பாருங்கள். ஐ3-2100க்கு 65, ஐ5-3470க்கு 77, ஐ7-2600க்கு 95. ஐ3யோடு வந்த குட்டைக் கூலரை ஐ7 மேல் வைப்பது சரிவராது.

கடையில் பிராசஸரின் உலோக மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள். ஐ5-3470 என்றால் எஸ்ஆர்0டி8 (SR0T8) என்ற குறியும் இருக்க வேண்டும். இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்று இருந்தால் அது சோதனைக்காகச் செய்த சரக்கு, வேண்டாம். விண்டோஸ் 11 போடலாம் என்று யாராவது சொன்னால் அதற்காக வாங்காதீர்கள். இந்தத் தலைமுறை அதன் ஆதரவுப் பட்டியலிலேயே இல்லை.

மாட்டும்போது பிராசஸரின் விளிம்பிலுள்ள இரண்டு வெட்டுகளும் சாக்கெட்டோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அழுத்தாதீர்கள், கையில் இருப்பது எல்ஜிஏ 1156 என்ற வேறு சாக்கெட்டின் பிராசஸராக இருக்கலாம். பின்கள் போர்டில்தான் இருக்கின்றன; விரல் பட்டாலே வளைந்துவிடும்.