நீளமான பெட்டிக்கு எந்த பாயிண்ட்? மாடல் ரயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்டை எஞ்சின் தாண்டிவிடும். சின்ன சரக்கு வேகனும் தாண்டிவிடும். நீளமான பயணிகள் பெட்டி மட்டும் அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தடம் புரளும். பெட்டியைக் குறை சொல்வதற்கு முன்னால், அந்த இடத்துக்கு வாங்கிய பாயிண்ட் சரிதானா என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் 85 அடி பயணிகள் பெட்டி, 1:87 அளவு மாடலான ஹெச்.ஓ.வில் கிட்டத்தட்ட 11.7 அங்குலம் வரும். கார்களை ஏற்றிப் போகும் 89 அடி ஆட்டோராக் ஓர் அடியைத் தாண்டிவிடும். நம் எல்.ஹெச்.பி. பெட்டியை இதே அளவில் செய்தால் சுமார் 27 சென்டிமீட்டர். பழைய 40 அடி வேகனோ ஐந்தரை அங்குலம்தான். இதற்கும் அதற்கும் ஒரே பாயிண்ட் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

அடுத்தது, நம்பரை மட்டும் பார்த்து வாங்குவது. 6-ஆம் நம்பர் என்றால், ஃப்ராக்கில் (இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்) 6 அங்குலம் போவதற்குள் பாதை 1 அங்குலம் விலகுகிறது என்று பொருள். நம் ரயில்வேகாரர்கள் ‘ஒன் இன் டுவெல்வ்’ என்பதும் இந்தக் கணக்குதான். அது கோணத்தைச் சொல்லுமே தவிர, வளைவு எவ்வளவு இறுக்கம் என்று சொல்லாது. பீக்கோ கம்பெனியின் ஸ்ட்ரீம்லைன் கோட் 100 வகையில் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று பாயிண்ட்கள் உண்டு. மூன்றுக்கும் கோணம் 12 டிகிரிதான். வளைவின் ஆரம் மட்டும் முறையே 24, 36, 60 அங்குலம். அட்லஸ் கம்பெனியின் கஸ்டம்லைன் வகையில் 4-ஆம் நம்பர் என்று விற்பது உண்மையில் நாலரை. அதே கம்பெனியின் ஸ்னாப் ஸ்விட்ச் என்ற பாயிண்டோ 18 அங்குல ஆர வளைவு. நீளமான பெட்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

பெட்டியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு ஆரம் இருந்தால் ஏதோ ஓடும், இரண்டரை மடங்கில் நம்பி ஓட்டலாம், மூன்று மடங்கில் பார்க்கவும் சுமாராக இருக்கும். சாதாரண வளைவுகளுக்குப் பலர் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. பெட்டியை விற்கும் அட்டை உறையில் ‘24 அங்குல ஆரம் போதும்’ என்று போட்டிருந்தால், அதற்குக் கீழே ஓடாது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பெரும்பாலான தொல்லை தனி பாயிண்டில் வருவதில்லை. பக்கத்துப் பக்கத்துப் பாதைகளை இணைக்கும் கிராஸ்ஓவரில்தான் வருகிறது. அங்கே வண்டி ஒரு பக்கம் திரும்பிய உடனே மறுபக்கம் திரும்ப வேண்டும். வளைவில் போகிக்கு (பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரத் தொகுதிக்கு) வெளியே நீட்டியிருக்கும் பெட்டியின் முனை வெளிப்புறம் தள்ளிப்போகும். முதல் பெட்டியின் முனை இடப்பக்கம் போனால், அடுத்ததன் முனை வலப்பக்கம் போகிறது. நடுவில் இரண்டையும் கோக்கும் கப்ளர் எவ்வளவுதான் ஆடும்? அதன் எல்லை தீர்ந்ததும் சக்கரத்தையே பக்கவாட்டில் இழுத்துத் தள்ளிவிடும். பின்னோக்கித் தள்ளும்போது இன்னும் மோசம். இரண்டு எதிர் வளைவுகளுக்கு இடையே ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்ப்பாதை விட வேண்டும் என்பது பொது விதி. கிராஸ்ஓவரில் அவ்வளவு இடம் கிடைக்காது. அதனால் மெயின் லைன் கிராஸ்ஓவருக்கு 8-ஆம் நம்பர்தான் என் தேர்வு. இடமே இல்லையென்றால் 6. அதற்குக் கீழே போவதைவிட அந்த கிராஸ்ஓவரையே திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம்.

இதே எதிர் வளைவு நமக்குத் தெரியாமலும் வந்து சேரும். இடப்பக்கம் வளைந்து வரும் பாதை முடிந்த கையோடு வலக்கை பாயிண்ட் வைத்தால் அதே கதை. அந்த இடத்தில் இடக்கை பாயிண்ட் வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் நடுவில் நேர்த்துண்டு சேருங்கள்.

அதற்காக எல்லா இடத்திலும் 8-ஆம் நம்பர் வாங்கிக் குவிப்பதும் தவறுதான். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், அது பலகையை விழுங்கிவிடும். குட்டி வேகன்கள் மட்டும் போகும் தொழிற்சாலை சைடிங்கில் 4 போதும். பயணிகள் வண்டி நுழையும் பிளாட்ஃபார பாதையில்தான் கஞ்சம் பார்க்கக் கூடாது. அங்கே பிரியும் இடத்தில் சிக்னல் கம்பத்தையும் பிளாட்ஃபார விளிம்பையும் ஒட்ட வைத்தால், பெட்டியின் முனையோ வயிறோ உரசும்.

ஆணி அடிப்பதற்கு முன் சோதனை: உங்களிடம் இருப்பதிலேயே நீளமான இரண்டு பெட்டிகளைக் கோத்து, பாயிண்ட் வழியாக மெதுவாகத் தள்ளுங்கள், இழுங்கள், இரண்டு பாதையிலும். எஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்த்து ‘சரி’ என்று விட்டுவிடாதீர்கள். அப்போதும் ஒரே பெட்டி மட்டும் தடம் புரண்டால், அதன் சக்கர இடைவெளியை என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கம்) அளவுகோலான கேஜை வைத்து அளந்து பாருங்கள்.