காயீனுக்குப் பெண் கொடுத்தது யார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்கள் யாரும் இந்தக் கேள்வியிடமிருந்து தப்பியதில்லை. ஆதாம், ஏவாள், அவர்கள் மகன்கள் காயீன், ஆபேல் என்று நாலு பேர். அதில் ஆபேல் காயீன் கையால் செத்தான். அப்புறம் காயீனுக்குப் பொண்டாட்டி எங்கிருந்து வந்தாள்? ஐந்தாம் படிவம் படிக்கிற பையன் கேட்பான்; இல்லாவிட்டால் மருமகளுக்குத் துணையாக வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இந்து மாமியார் கேட்பார். “அதையெல்லாம் கேட்கக் கூடாது” என்று வாயை அடைத்தால் அடுத்த வியாழக்கிழமை அந்தப் பையன் வரமாட்டான். வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 4, 5 அதிகாரங்களை ஒன்றரை மணி நேரத்தில் ஒழுங்காக நடத்தும் முறை இது.

முதலில் சாமான். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் மாஜோங் பேப்பர் என்ற பெரிய தாள் இரண்டு, கறுப்பு, நீலம், சிவப்பு என்று மூன்று மார்க்கர் பேனா, சுவரில் ஒட்ட டேப். அவ்வளவுதான். கறுப்பில் இந்த இரண்டு அதிகாரங்களில் உள்ளதை மட்டும் எழுத வேண்டும். வேதத்தின் வேறு புத்தகங்கள் சொல்வது நீலம். பிரசங்கத்தில், ஞாயிறு பள்ளியில், படத்தில் கேட்டுப் பார்த்துப் பழகியது சிவப்பு. பாதிச் சண்டை இந்த மூன்று நிறத்திலேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் நாம் “வேதத்தில் இருக்கிறது” என்று அடித்துச் சொல்வதில் பல சிவப்பில்தான் வந்து விழும்.

அடுத்து, இரண்டு அதிகாரங்களையும் நிறுத்தாமல் உரக்க வாசியுங்கள். 26 வசனமும் 32 வசனமும் சேர்த்து 58; பத்து நிமிடம் போதும். ஐந்தாம் அதிகாரம் வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போகாதீர்கள், பதிலில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஒரே கூடத்தில் பழைய திருப்புதல், திருவிவிலியம், பிள்ளைகள் கைப்பேசியில் மலாய் அல்கிதாப் என்று மூன்று பைபிள் மொழிபெயர்ப்பு இருக்கும். காயீன் ஒன்றில் காயின் ஆவார். மலாயில் ‘காயின்’ என்றால் துணி, பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்து முடிக்கட்டும். பெயர்களை ஒரு தடவை ஒப்பிட்டுப் பேப்பரின் ஓரத்தில் எழுதிவிட்டால் பிறகு யாரும் வழி தவறமாட்டார்கள்.

சகோதரர் இருவரும் காணிக்கை கொண்டுவர, தேவன் ஆபேலுடையதை ஏற்றார், காயீனுடையதை ஏற்கவில்லை. இந்தக் காணிக்கையை மெதுவாகப் பாருங்கள். காயீன் அழுகிய காய்கறியைக் கொண்டுவந்தான் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். சிவப்பு. காயீன் இரத்தம் இல்லாத காணிக்கை கொடுத்ததால் தேவன் தள்ளினார் என்று இன்னொருவர் சொல்வார். அதுவும் சிவப்புதான். எபிரெயத்தில் இருவர் காணிக்கைக்கும் ‘மின்ஹா’ என்ற ஒரே சொல். லேவியராகமம் 2-ல் மாவுக் காணிக்கைக்கு வருவதும் அதே சொல், ஆகவே விளைச்சலைக் கொடுப்பது குற்றமில்லை. கறுப்பில் எழுத முடிந்த வேறுபாடு ஒன்றே ஒன்று. ஆபேல் கொண்டுவந்தது “தலையீற்றுகளிலும் அவைகளில் கொழுமையானவைகளிலும்” சில. காயீன் கொண்டுவந்ததோ “நிலத்தின் கனிகள்”, முதற்பலன் என்று சொல்லவில்லை. விசுவாசத்தினாலே என்று காரணம் சொல்வது எபிரெயர் 11:4. அது நீலத்தில் போகட்டும்.

பிறகு ஒரு எண்ணும் வேலை கொடுங்கள். 4:1 முதல் 16 வரை ‘சகோதரன்’ என்ற சொல் எத்தனை முறை? ஏழு. ஆபேல் என்ற பெயர்? அதுவும் ஏழு. கொலை நடக்கும் எட்டாம் வசனத்திலேயே ‘சகோதரன்’ இரண்டு முறை வருகிறது. ஆபேல் உயிரோடு இருக்கும்போது ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. செத்த பிறகு அவன் இரத்தம் கூப்பிடுகிறது. அவன் பெயர் எபிரெயத்தில் ‘ஹெவெல்’, மூச்சுக்காற்று, நீராவி. பிரசங்கி நூலில் “மாயை, மாயை” என்று நம் தமிழில் வருவதும் இதே சொல்தான். இதைச் சொன்னதும் கூடத்தில் சத்தம் அடங்கும். அந்த அமைதியை உடனே பேசிக் கெடுக்காதீர்கள்.

அதே எட்டாம் வசனத்தில் ஓர் ஓட்டை உண்டு. காயீன் ஆபேலோடே பேசினான் என்று இருக்கிறது, என்ன பேசினான் என்று எபிரெயப் பாடத்தில் இல்லை. சமாரியர் காத்துவந்த மோசே நூல்களான சமாரிய ஐந்நூலிலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் “வயலுக்குப் போவோம் வா” என்ற கருத்தில் ஒரு வரி இருக்கிறது. சில மொழிபெயர்ப்புகள் அதைச் சேர்க்கும், சில சேர்க்காது. இரண்டு பைபிள் ஒத்துப்போகவில்லை என்று யாராவது திகைத்தால் காரணம் இதுதான், அச்சுப்பிழை அல்ல.

இப்போது அந்தக் கேள்வி. நம்மவர்கள் விழும் குழி 17-ஆம் வசனத்தின் தமிழிலேயே இருக்கிறது. காயீன் நோத் தேசத்தில் குடியிருந்தான், பிறகு “தன் மனைவியை அறிந்தான்” என்று வாசித்ததும், அங்கே போய்தான் அவளைச் சந்தித்தான் என்று காதில் விழுகிறது. அப்படி இல்லை. “ஆதாம் தன் மனைவியாகிய ஏவாளை அறிந்தான்” என்று முதல் வசனத்திலும் அதே சொல். அவர்கள் அதற்கு முன்பே கணவன் மனைவி. கூடி வாழ்ந்ததைப் பக்குவமாகச் சொல்லும் சொல் அது. ஆக அவள் நோத் தேசத்துப் பெண் என்றும் வசனம் சொல்லவில்லை, வேறு ஊர்ப் பெண் என்றும் சொல்லவில்லை. பதிலை இந்த வாக்கியத்தில் தொடங்குங்கள்: “அவள் யார் என்று ஆதியாகமம் சொல்லவில்லை.” அதன் பிறகு, சொல்லியிருப்பவற்றைப் பேப்பரில் ஏற்றுங்கள்.

5:4 ஆதாமுக்குக் குமாரரும் குமாரத்திகளும் பிறந்ததாகச் சொல்கிறது. 5:3-ன்படி சேத் பிறக்கும்போது ஆதாமுக்கு 130 வயது. ஆபேலின் மரணம் அதற்கு முன். இடையில் எத்தனை பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கணக்கு இல்லை. ஆகவே தங்கையையோ சகோதரன் மகளையோ கட்டியிருக்கலாம் என்பது பழைய பதில். பழைய சபைப் பிதா அகஸ்தீனும் இதையே சொன்னார். யூபிலி என்ற பழைய யூத நூல் அவளுக்கு ஆவான் என்று பெயரே கொடுக்கிறது. அந்த நூல் நம் வேதாகமத்தில் இல்லை, சிவப்பில் எழுதுங்கள். இன்னொரு பதில், அந்தக் குடும்பத்துக்கு வெளியே மனிதர் இருந்ததாகக் கதையே எடுத்துக்கொள்கிறது என்பது. “என்னைக் கண்டுபிடிக்கிறவன் எவனும் என்னைக் கொன்றுபோடுவானே” என்று காயீன் யாருக்குப் பயந்தான்? பட்டணம் யாருக்குக் கட்டினான்? மூன்றாவது, ‘ஆதாம்’ எபிரெயத்தில் மனிதன் என்ற பொதுச்சொல்லும்கூட, ஆகவே இது மனுக்குலம் முழுவதையும் ஒரு வீட்டில் வைத்துக் காட்டும் கதை என்பது. எந்தச் சபையில் நடத்துகிறீர்களோ அந்தச் சபையின் போதனையை முதலில் சொல்லி, மற்றதையும் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால், பையன் அன்று இரவே இணையத்தில் தேடிப் பிடித்துவிடுவான்.

தங்கை என்றதும் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள், பங்காளி முறையில் பெண் எடுப்பதே நமக்கு ஆகாதே! லேவியராகமம் 18:9 அதைத் தடுப்பது உண்மை, ஆனால் அது மோசே காலத்துச் சட்டம். ஆதியாகமம் 20:12-ல் தன் மனைவி சாராள் தன் தகப்பனுடைய மகளே என்று ஆபிரகாமே சொல்கிறார். மோசேயின் தகப்பன் அம்ராம் கட்டியது சொந்த அத்தையை (யாத்திராகமம் 6:20). யாக்கோபு கட்டியது மாமன் மகள்களை என்று சேர்த்துச் சொல்லுங்கள், அதில் பாட்டிமாருக்கு ஒரு மறுப்பும் இருக்காது.

இரண்டாவது பேப்பரில் இரண்டு வம்சங்களை அக்கம்பக்கமாக எழுதுங்கள். இடப்பக்கம் ஆதாம், காயீன், ஏனோக்கு, ஈராத், மெகுயவேல், மெத்தூசவேல், லாமேக்கு. வலப்பக்கம் ஆதாம், சேத், ஏனோஸ், கேனான், மகலாலெயேல், யாரேத், ஏனோக்கு, மெத்தூசலா, லாமேக்கு, நோவா. இங்கேதான் பெரிய குழப்பம் வரும். தேவனோடு சஞ்சரித்த ஏனோக்கு வலப்பக்கத்தவர், பட்டணத்துக்குப் பெயரான ஏனோக்கு இடப்பக்கத்தவன். இரண்டு மனைவி கட்டி, எழுபத்தேழு பழி என்று பாடிய லாமேக்கு இடப்பக்கம். நோவாவின் தகப்பன் வலப்பக்கம். ஆதாமிலிருந்து ஏழாவது ஆளை வட்டமிடுங்கள். ஒரு பக்கம் பழி பாடும் லாமேக்கு, மறுபக்கம் ஏனோக்கு. இது தற்செயல் என்று எடுத்துக்கொள்வது கடினம்.

வயதுக் கணக்கைப் பிள்ளைகளிடம் விடுங்கள். மகன் பிறந்தபோது தகப்பனுக்கு இருந்த வயதை மட்டும் கூட்ட வேண்டும்: 130, 105, 90, 70, 65, 162, 65, 187, 182, கடைசியில் ஜலப்பிரளயத்தின்போது நோவாவுக்கு 600. மொத்தம் 1,656. மொத்த ஆயுளைக் கூட்டுவதுதான் வழக்கமான தப்பு. ஆதாமை முதல் ஆண்டாக வைத்து எண்ணினால், அவர் 930-ல் இறந்தார், நோவா பிறந்தது 1056-ல். இந்தப் பட்டியலில் ஆதாம் இறந்த பிறகு பிறந்த ஒரே ஆள் நோவா. மெத்தூசலாவின் 969 முடிவதும் பிரளய ஆண்டிலேயே. இதே கூட்டல் சமாரியப் பாடத்தில் 1,307 வரும். கிரேக்கத்தில் கையெழுத்துப் பிரதிக்குப் பிரதி மாறி 2,242 அல்லது 2,262. எனவே இந்த எண்ணை வைத்து உலகத்தின் பிறந்த தேதியைச் சத்தியம் செய்து சொல்லாதீர்கள். “பெற்றான்” என்பது எப்போதும் நேர் மகனைக் குறிப்பதும் இல்லை. மத்தேயு 1:8-ல் யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் மூன்று ராஜாக்கள் விடுபட்டிருக்கிறார்கள்.

காயீனின் அடையாளம் தண்டனை இல்லை, யாரும் அவனைக் கொல்லாதபடிக்குப் போட்ட காவல் (4:15). அது என்ன அடையாளம் என்று சொல்லப்படவும் இல்லை. அமெரிக்காவில் அடிமைமுறையை நியாயப்படுத்த அதைக் கறுப்புத் தோல் என்று பிரசங்கித்தார்கள். யாராவது நிறத்தையோ சாதியையோ இதில் முடிச்சுப் போட்டால் சிவப்பு மார்க்கரைக்கூட எடுக்க வேண்டாம், அங்கேயே நிறுத்துங்கள்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர் சொன்ன ஹாபில் (ஆபேல்), காபில் (காயீன்) கதையையும் அதில் வரும் காக்கையையும் யாராவது கேட்பார்கள். குர்ஆன் 5:27-31-ல் ஆதமின் இரண்டு மகன்கள் வருகிறார்கள், பெயர் இல்லாமல். பெயர்கள் பிற்கால மரபு. எப்படிப் புதைப்பது என்று காட்டும் காக்கை அங்கே உண்டு, ஆதியாகமத்தில் இல்லை. அந்த மாமியார் சுவாயம்புவ மனுவும் சதரூபையும் என்று தொடங்கினால் கேட்டுக்கொள்ளுங்கள், முதல் தம்பதிக்கு மூன்று பெண்பிள்ளைகள் என்று பாகவதம் பெயரோடு சொல்கிறது: ஆகூதி, தேவஹூதி, பிரசூதி. ஒன்றை மற்றொன்றின் நகல் என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை, அது அவரவர் நூல்.

ஆறாம் அதிகாரத்துத் தேவகுமாரரை அன்று இரவு தொடாதீர்கள். மில்லில் காலை ஷிப்டு உள்ளவர்கள் ஒன்பதரைக்கு எழுந்து போய்விடுவார்கள். அதற்குத் தனியாக ஒரு வியாழன் வேண்டும். இரண்டு பேப்பரையும் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள், வம்சப் பேப்பரின் அடியில் நோவாவுக்குக் கீழே அவர் மகன்கள் சேம், காம், யாப்பேத்துக்கு இடம் விட்டிருக்க வேண்டும்.