அப்ளை செய்துகொண்டே இருக்கிறீர்கள், இன்டர்வியூ வரவில்லை: எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

வாரக்கணக்கில் அப்ளை செய்தும் ஒரு அழைப்புகூட வரவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது எண்ணிக்கையைக் கூட்டுவதுதான். நாளுக்கு ஐந்து அனுப்பியவர் இருபது அனுப்பத் தொடங்குவார். ஆனால் அதே ரெஸ்யூமே, அதே தளம், அதே மாதிரி பதவிகள். குறை அப்படியே இருக்க, அதை நான்கு மடங்கு பேருக்கு அனுப்பி வைத்ததுதான் மிச்சம்.

ஒரு விண்ணப்பம் இன்டர்வியூ வரை போக நான்கு இடங்களைத் தாண்ட வேண்டும். படிவத்தில் கேட்கும் கேள்விகள், விண்ணப்பங்களைச் சேர்த்துவைக்கும் நிறுவனத்தின் மென்பொருளுக்குள் நடக்கும் தேடல், நிறுவனத்துக்கு ஆள் தேடும் ரெக்ரூட்டரின் முதல் பார்வை, அவரோடு நடக்கும் சிறிய போன் பேச்சு. எங்கே நின்றது என்பதை வரும் பதிலை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். அதற்கு முதலில் ஒரு கணக்கு வேண்டும்.

கணக்கு

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, கடைசியாக அனுப்பிய 40 விண்ணப்பங்களை எழுதுங்கள். வேலை அறிவிப்பு வந்த தேதி, நீங்கள் அனுப்பிய தேதி, பதவிப் பெயர், எந்த வழியில் போனது (நிறுவனத்தின் தளம், வேலைத் தளம், அங்கே வேலை செய்பவரின் பரிந்துரையான ரெஃபரல்), எந்த ரெஸ்யூமே, பதில் வந்த தேதி, என்ன பதில். மின்னஞ்சலைத் தேடினால் பெரும்பாலும் எல்லாமே கிடைத்துவிடும். எழுதி முடித்ததும் பதில்கள் எப்படிப் பிரிகின்றன என்று பாருங்கள்.

சில நிமிடங்களிலோ அதே இரவிலோ நிராகரிப்பு வந்திருந்தால், பெரும்பாலும் படிவத்தின் கேள்விகளில் விழுந்திருக்கிறீர்கள். பணிபுரியும் அனுமதி, குறைந்தபட்ச அனுபவம், இருக்கும் ஊர், எதிர்பார்க்கும் சம்பளம் ஆகியவற்றுக்கு நிறுவனம் ஒரு எல்லை வைத்திருக்கும். அதற்கு வெளியே போகும் பதிலை மென்பொருளே ஒதுக்கிவிடும். மென்பொருள் எல்லோரையும் தானாக நிராகரிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பல நிறுவனங்களில் அது தானாக ஒதுக்குவது இந்தக் கேள்விகளில்தான். மற்றபடி யாரை மேலே காட்டுவது, யாரைக் கீழே தள்ளுவது என்பதே அதன் வேலை.

பதிலே இல்லையென்றால் யாரும் பார்க்கவில்லை என்றே பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். தாமதமாகப் போயிருக்கலாம், தேடலில் சிக்காமல் இருக்கலாம், அந்த இடமே உண்மையில் காலியாக இல்லாமலும் இருக்கலாம். ஒன்றிரண்டு வாரம் கழித்து நிராகரிப்பு வந்தால், ஒரு மனிதர் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். பார்த்தும் அவருக்குப் பொருத்தம் தெரியவில்லை. ரெக்ரூட்டர் பேசிய பிறகு அமைதி என்றால் ரெஸ்யூமேயைத் தொட வேண்டாம். சம்பளம், நோட்டீஸ் பீரியட், உங்களைப் பற்றிச் சொன்ன இரண்டு நிமிடம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் சிக்கல்.

படிவக் கேள்விகளில் பொய் சொல்லாதீர்கள்; போனில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். ஆனால் தேவையில்லாமல் குறைத்தும் சொல்லிவிடாதீர்கள். ஒரு கருவியில் எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்டால், அதைப் பயன்படுத்திய எல்லா வேலைகளின் காலத்தையும் கூட்டிச் சொல்லுங்கள். பலர் கடைசி வேலையை மட்டும் எழுதிவிடுகிறார்கள். சம்பளக் கட்டத்தில், அறிவிப்பிலேயே வரம்பு கொடுத்திருந்தால் அதற்குள் இருக்கும் எண்ணைப் போடுங்கள். அந்த வரம்பு உங்களுக்குக் கட்டாது என்றால் அப்ளை செய்யாமல் விட்டுவிடுவதே நல்லது.

மென்பொருள் என்ன படிக்கிறது

உங்கள் பிடிஎஃப் ரெஸ்யூமேயைத் திறந்து, முழுவதையும் செலக்ட் செய்து, காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. அழகான டெம்ப்ளேட் பயன்படுத்தியவர்களுக்கு இதில்தான் பெரிய அதிர்ச்சி காத்திருக்கும்.

பக்கத்தை இடம், வலம் என்று இரண்டு பத்திகளாகப் பிரித்த ரெஸ்யூமேயில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து, நிறுவனப் பெயருக்கு நடுவே திறன்களின் பட்டியல் புகுந்திருக்கும். போன் எண்ணையும் மின்னஞ்சலையும் பக்கத்தின் மேல் ஹெட்டரில் வைத்திருந்தால், சில மென்பொருள்கள் அதைப் படிப்பதே இல்லை. திறனைக் காட்ட வைத்த ஐந்து நட்சத்திரங்களும் கோடுகளும் அர்த்தமில்லாத குறிகளாக வந்து நிற்கும். சில எழுத்துருக்களில் இரண்டு எழுத்துகள் ஒட்டி ஒரே வடிவமாகிவிடுவதால், காப்பி செய்யும்போது அந்தச் சொல்லின் நடுவே ஓட்டை விழும். அந்தச் சொல்லைத் தேடுபவருக்கு நீங்கள் கிடைக்கமாட்டீர்கள். ஒட்டினால் எதுவுமே வரவில்லையென்றால் அது படமாகச் சேமித்த கோப்பு. தேடலைப் பொறுத்தவரை வெற்றுத்தாள்.

சரிசெய்வது எளிது. இடம், வலம் என்று பிரிக்காத ஒரே பத்தி. அட்டவணையோ டெக்ஸ்ட் பாக்ஸோ வேண்டாம். தொடர்பு விவரம் பக்கத்தின் உடலில், போன் எண் நாட்டுக் குறியீட்டோடு. எல்லா வேலைகளுக்கும் மாதமும் ஆண்டும் ஒரே வடிவத்தில். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பதவிப் பெயரும் இருக்கட்டும்; ‘ஃபைனல் 7’ வேண்டாம்.

விண்ணப்பப் படிவம் ரெஸ்யூமேயிலிருந்து தானாக நிரம்பும் தளங்களில், நிரம்பிய கட்டங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மென்பொருள் உங்களை எப்படிப் புரிந்துகொண்டது என்பதை அது அப்படியே காட்டுகிறது. ரெக்ரூட்டர் வடிகட்டும்போது பெரும்பாலும் இந்தக் கட்டங்களைத்தான் பயன்படுத்துவார். பதவிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர் பெயர் இருந்தால் திருத்திவிட்டு அனுப்புங்கள். வெள்ளை நிறத்தில் கீவேர்டுகளை ஒளித்துவைக்கும் தந்திரம் வேண்டவே வேண்டாம். மென்பொருள் எடுத்துக் காட்டும் வெறும் எழுத்துப் பார்வையில் அது பட்டவர்த்தனமாகத் தெரியும்.

அடுத்து சொற்கள். நீங்கள் தேடும் பதவிக்கான 10 அறிவிப்புகளை எடுத்து, அவற்றில் கேட்கும் திறன்களைப் பட்டியலிடுங்கள். ஆறு அறிவிப்புகளுக்கு மேல் வரும் சொல் ஒவ்வொன்றும், அது உங்களிடம் உண்மையிலேயே இருந்தால், அவர்கள் எழுதிய அதே சொல்லில் ரெஸ்யூமேயில் இருக்க வேண்டும். சுருக்கம், முழுப்பெயர் இரண்டையும் ஒரு முறையாவது எழுதுங்கள். யார் எதை வைத்துத் தேடுவார் என்று தெரியாது. உங்கள் நிறுவனம் வைத்த பதவிப் பெயர் வெளியே யாருக்கும் புரியாததாக இருந்தால், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வழக்கமான பெயரைப் போடுங்கள். அதே நிலைப் பதவியாக இருக்கட்டும். ஒரு படி உயர்த்திப் போட்டால் முந்தைய வேலையைச் சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

மனிதர் என்ன படிக்கிறார்

லேடர்ஸ் என்ற வேலைத் தளம் 2018-ல் ரெக்ரூட்டர்களின் கண் அசைவை அளந்து பார்த்ததில், ஒரு ரெஸ்யூமேயின் முதல் பார்வைக்குச் சராசரியாக 7.4 விநாடிதான் செலவாகிறது என்று வந்தது. அந்த நேரத்தில் முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி அதிகம் படிக்க முடியாது. அங்கே ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்’ என்று நான்கு வரி எழுதியிருந்தால் அந்த நேரம் வீண். எந்தப் பதவி, எத்தனை ஆண்டு, எந்தத் துறை, இந்த வேலைக்கு வேண்டிய மூன்று திறன், ஒரு பெரிய பலன்: இதை இரண்டே வரியில் சொல்லுங்கள்.

பிறகு கடைசி வேலையின் முதல் மூன்று வரிகள். வாடிக்கையாளர் சேவையில் இருந்த ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

‘வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் பொறுப்பு.’

இதில் அவர் என்ன செய்தார் என்பதே இல்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இதே வரியைத்தான் எழுதுவார்கள். அவரிடமே நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எவ்வளவு, எதை வைத்து, என்ன மாற்றினீர்கள், அதனால் என்ன ஆயிற்று? வரி இப்படி மாறும்:

‘நாளுக்குச் சுமார் 60 புகார்கள் (மின்னஞ்சல், சாட்). அடிக்கடி வரும் 20 கேள்விகளுக்குத் தயார் பதில்கள் எழுதி, முதல் பதிலுக்கான நேரத்தை 9 மணி நேரத்திலிருந்து 3 மணி நேரமாகக் குறைத்தேன்.’

எண் கையில் இல்லையென்றால் கற்பனை செய்யாதீர்கள். எத்தனை பேர் கொண்ட குழு, வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை கிளைகளுக்கு என்று அளவைச் சொன்னாலே போதும். இன்டர்வியூவில் ‘இந்த 9 மணி நேரம் என்ற கணக்கு எப்படி வந்தது?’ என்று கேட்டால் சொல்லத் தெரிந்த எண்களை மட்டும் வையுங்கள்.

இன்னொரு பெரிய தவறு, மூன்று விதமான வேலைகளுக்கும் ஒரே ரெஸ்யூமே அனுப்புவது. எல்லாம் செய்வேன் என்று சொல்லும் ரெஸ்யூமே எந்தத் தேடலிலும் மேலே வராது. ஒவ்வொரு பதவி வகைக்கும் ஒரு அடிப்படை ரெஸ்யூமே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அறிவிப்புக்கும் மேல் இரண்டு வரியையும் கடைசி வேலையின் முதல் மூன்று வரிகளையும் மட்டும் மாற்றுங்கள். பழகிவிட்டால் 15 நிமிடம் போதும். இடைவெளி ஆண்டுகள் இருந்தால் மறைக்க முயலாமல், ‘குடும்பப் பராமரிப்பு’, ‘படிப்பு’ என்று காலத்தோடு ஒரு வரி எழுதிவிடுங்கள். வெற்றிடமாக விட்டால் படிப்பவர் தானாக ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்வார், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

எப்போது, யார் வழியாக

போதுமான பேர் கிடைத்துவிட்டால் பல ரெக்ரூட்டர்கள் மீதியைத் திறப்பதில்லை. அதனால் அறிவிப்பு வந்த முதல் இரண்டு நாளுக்குள் போய்ச் சேர்வது முக்கியம். லிங்க்டினில் கடந்த 24 மணி நேரம் என்று வடிகட்டலாம். வேண்டிய நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் அலர்ட் வைத்துக்கொள்ளுங்கள். வேலைத் தளத்தில் மட்டும் இருக்கும், நிறுவனத்தின் தளத்தில் இல்லாத அறிவிப்பையும், மாதாமாதம் அதே வார்த்தைகளோடு திரும்ப வருவதையும் ஒதுக்கிவிடலாம். இன்டர்வியூவுக்கோ பயிற்சிக்கோ பணம் கேட்டால் அது மோசடி, அதோடு நிறுத்துங்கள்.

நெருக்கடியான சந்தையில் ரெஃபரல்தான் வரிசையைத் தாண்டவைக்கும் வழி. அதை நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் தேடாதீர்கள். லிங்க்டினின் 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களை வைத்து நடத்தி, 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில், புதிய வேலைக்கு மிகவும் உதவியவர்கள் ஓரளவு மட்டுமே பழக்கமானவர்கள் என்று தெரியவந்தது. காரணம் புரிகிறது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்த வேலைகள் பெரும்பாலும் உங்களுக்கும் தெரியும். பழைய நிறுவனத்தில் வேறு குழுவில் இருந்தவர், இரண்டு வருடம் முன்னால் படித்த சீனியர் போன்றவர்களின் பட்டியலை எடுங்கள்.

பல நிறுவனங்களில் நீங்கள் ஏற்கெனவே தளத்தில் அப்ளை செய்திருந்தால் ரெஃபரல் கணக்கில் சேராது. அதனால் முதலில் கேளுங்கள், ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் பதில் இல்லையென்றால் நேரடியாக அனுப்புங்கள். செய்தி சுருக்கமாக இருக்கட்டும்:

‘வணக்கம், பழைய நிறுவனத்தில் நீங்கள் பில்லிங் குழுவில் இருந்தபோது நான் சப்போர்ட்டில் இருந்தேன். உங்கள் நிறுவனத்தில் வந்திருக்கும் சப்போர்ட் லீட் பதவிக்கு அப்ளை செய்யப்போகிறேன், லிங்க் கீழே. அறிவிப்பில் கேட்ட மூன்றில் இரண்டை நேரடியாகச் செய்திருக்கிறேன். ரெஃபர் செய்ய முடியுமா? முடியாவிட்டாலும் அந்தக் குழு இப்போது எதைத் தேடுகிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.’

‘ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்க’ என்று கேட்டால், தேடும் வேலையை அவர் தலையில் வைக்கிறீர்கள். லிங்க்கோடு கேட்டால் அவருக்கு இரண்டு நிமிட வேலை.

உங்களைத் தேடி வருபவர்களுக்கும் வழி வேண்டும். லிங்க்டின் தலைப்பில் 220 எழுத்துகள் வரை இடம் இருக்கிறது. ‘புதிய வாய்ப்புகளைத் தேடுகிறேன்’ என்று யாரும் தேடுவதில்லை; பதவிப் பெயரும் கருவிகளும் அங்கே இருக்கட்டும். வேலையில் இருந்துகொண்டே தேடுபவர்கள் ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும் அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் நிறுவனத்துக்குத் தெரியவே தெரியாது என்ற உத்தரவாதத்தை லிங்க்டின் தருவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

வாரத்துக்கு 10 நல்ல விண்ணப்பம், 5 பேருக்குச் செய்தி என்பது தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு. ரெஸ்யூமே, பதவி வகை, அனுப்பும் வழி எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும். ஒன்றை மாற்றி 20 அல்லது 25 அனுப்பி, பழைய வரிசையோடு ஒப்பிடுங்கள். சரியான நேரத்தில், சரியான ரெஸ்யூமேயோடு அப்படி இரண்டு சுற்று போயும் ஒரு அழைப்பும் இல்லையென்றால், அந்தப் பதவிப் பெயரே நெரிசலாக இருக்கலாம். அதே திறனைக் கேட்கும் பக்கத்துப் பதவிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பி ஏழு வேலை நாள் ஆனதும் ஒரே ஒரு முறை விசாரியுங்கள். பதில் இல்லையென்றால் ஷீட்டில் அந்த வரியை மூடிவிடுங்கள். ஸ்பேம் ஃபோல்டரைத் தினமும் பாருங்கள். தேதி குறிக்கச் சொல்லி வரும் தானியங்கி மின்னஞ்சல்கள் அங்கே போய் விழுவது சாதாரணம். போனில் தெரியாத எண்களைத் தானாகத் தடுக்கும் அமைப்பு இருந்தால், தேடும் காலம் முடியும்வரை அதை அணைத்து வையுங்கள்.