கத்தி வைக்காமல் இரைப்பையைச் சுருக்கும் சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடல் எடையைக் குறைக்கச் செய்யும் எண்டோஸ்கோப்பிக் ஸ்லீவ் சிகிச்சையில் வயிற்றில் கீறல் கிடையாது, தழும்பு கிடையாது. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம். இதைக் கேட்டதும் பல் பிடுங்கிக்கொள்வது போல எண்ணிவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பலவும் இந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன.

முழு மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாயை இறக்கி, அதன் நுனியில் இருக்கும் தையல் கருவியால் இரைப்பையை உள்ளிருந்தே மடித்துத் தைக்கிறார்கள். அதன் கொள்ளளவு சுமார் 70 சதவீதம் குறைகிறது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் எடை இன்னும் அதிகமாக இறங்கும். அறுவை செய்துகொண்ட உறவினரின் கணக்கை வைத்து இதை அளந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 2022-இல் லான்செட் இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், ஓராண்டு முடிவில் சராசரியாக 13.6 சதவீத உடல் எடை குறைந்திருந்தது. 100 கிலோ இருப்பவருக்கு 13, 14 கிலோ. உணவு, வாழ்க்கைமுறை மாற்றங்களை மட்டும் பின்பற்றியவர்களுக்கு 0.8 சதவீதம்தான் குறைந்தது. அந்த ஆய்வில் தையல் போட்டுக்கொண்டவர்களும் உணவு, வாழ்க்கைமுறை மாற்றங்களைக் கைவிடவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

மருத்துவரிடம் பழைய நோய்களை மறைப்பது அடுத்த தவறு. அல்சர், பெரிய ஹெர்னியா, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பத் திட்டம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சாப்பாடு சில வாய்களாகச் சுருங்கிய பிறகும் இன்சுலினையோ கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரையையோ பழைய அளவிலேயே எடுத்தால், சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். சிகிச்சைக்கு முன்பே புதிய அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். தைத்த மடிப்புகள் ஆறிச் சேர வாரங்கள் ஆகும். அதுவரை முதலில் திரவம், அப்புறம் மசித்த உணவு, அதற்குப் பிறகே திட உணவு. இரண்டாவது வாரத்திலேயே "ஒரு இட்லிதானே" என்று வீட்டில் அன்போடு நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அவசரமாக விழுங்கி வாந்தி வந்தால் தையலுக்குத்தான் கேடு. தண்ணீரையும் மடக் மடக்கென்று குடிக்காமல் சிறிது சிறிதாக, ஆனால் நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். சில மாதம் கழித்து வேறொரு தவறு தலைகாட்டும்: ஜூஸ், மில்க் ஷேக், ஐஸ்கிரீம். சுருங்கிய இரைப்பையும் இவற்றைத் தடுக்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இறங்கிய எடை திரும்ப ஏற இதுவே போதும். முட்டை, மீன், பருப்பு, பனீர் போன்ற புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட்டு, சோற்றைக் கடைசியில் தொடுங்கள்.

முதல் சில நாட்கள் குமட்டலும் வயிற்றுப் பிடிப்பும் இருக்கும். அதற்காகக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போடக் கூடாது, புண் வரலாம். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, கறுப்பு மலம், ரத்த வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பேக்கேஜ் விலையை மட்டும் ஒப்பிட்டு இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. இந்தத் தையலை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள், சிக்கல் வந்தால் அறுவை செய்ய ஆள் இருக்கிறாரா, ஓராண்டுக்கு உணவு ஆலோசகர் உடன் இருப்பாரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.